வாசலில் கழற்ற வேண்டிய பூட்ஸ்

போன வாரம் ஒரு சொந்த வேலையாகத் துறைமுகம் பக்கம் வந்திருந்தேன். வாயிலுக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த, கப்பல் ஏஜென்சிகளுக்காக ஓடும் உங்களில் நாலைந்து பேரைப் பார்த்ததும் அசந்து நின்றுவிட்டேன். தலையை முழுசாக மூடிய ஹெல்மெட், முழங்கைக்கு ஒரு தகடு, முழங்காலுக்கு ஒரு தகடு, விரல் முட்டிக்குக்கூடத் தனித்தனியாகக் கவசம் வைத்த கையுறை. திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கு வேஷம் கட்டுகிறவர்கள்கூட இவ்வளவு மாட்டிக்கொண்டு வர மாட்டார்கள். கண்ணை மெல்லக் கீழே இறக்கினேன். காலில் ரப்பர் செருப்பு.

ஏன் என்று ஒரு தம்பியிடம் கேட்டேன். "பூட்ஸ் இருக்கு சார், வீட்டுல அட்டப்பெட்டிக்குள்ள. ஆபீசுக்குள்ள போவையில வரையில கழத்தி மாட்ட இதுதான் லேசு" என்றான். சொல்லிவிட்டு மரியாதையாக எனக்கும் ஒரு டீ சொன்னான். டீ நன்றாகத்தான் இருந்தது. அவன் சொன்ன பதில்தான் தொண்டையில் இறங்கவில்லை. அதே பதிலை என் கண்முன்னால் ஒரு கமிட்டி கூடி, யோசித்து, கைதட்டி நிறைவேற்றியிருக்கிறது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க்காக இருந்தவன். எழுபதுகளில், புதுத் துறைமுகம் திறந்த புதிது. உங்களுக்கு இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் முடிகிற வேலைக்கு அன்று ஓர் ஆள் ஓட வேண்டும். கப்பல் வந்ததும் ஏறுவோம். கேப்டனிடம் காகிதங்களை வாங்கிச் சுங்கத்துக்கு ஓடுவோம், துறைமுக ஆபீசுக்கு ஓடுவோம், ஊருக்குள் இருந்த எங்கள் ஆபீசுக்கு ஓடுவோம், கையெழுத்தோடு மறுபடி கப்பலுக்கு ஓடுவோம். காகிதம் வராமல் கப்பல் நகராது. கப்பல் நின்றால் அதன் சொந்தக்காரன் எங்கோ ஒரு தேசத்திலிருந்து முதலாளிக்குத் தந்தி அடித்து ஆங்கிலத்தில் திட்டுவான். முதலாளி அதைத் தமிழாக்கி எங்களிடம் தருவார். மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நன்றாக இருக்கும்.

ஊருக்கும் புதுத் துறைமுகத்துக்கும் நடுவே உப்பளம். அதற்குள்ளே போகும் ரோட்டில் ஒரு பக்கம் ஜல்லி, ஒரு பக்கம் உப்புத் தண்ணீர்க் கசிவு, நடுவில் லாரி. இந்த ரோட்டில் ஓட எங்கள் கம்பெனியில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. இரண்டில் நானும் என்னோடு கிளார்க்காக இருந்த சூசையும் போவோம். மூன்றாவது எப்போதும் பட்டறையில் நிற்கும்.

கவசம் என்று எங்களுக்கு இருந்தது கைக்குட்டை. அதைத் தலையில் கட்டுவதா, மூக்கில் கட்டுவதா என்பதில் எனக்கும் சூசைக்கும் கொள்கை வேறுபாடு உண்டு. நான் மூக்குக் கட்சி. எங்கள் மானேஜர் பாதுகாப்பு பற்றி வருஷத்துக்கு ஒருமுறை பேசுவார். "ஹாரனை நல்லா அடிச்சிட்டுப் போங்க" என்பதுதான் மொத்தப் பேச்சும். காலில் எல்லோருக்கும் செருப்புதான், அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் முதலாளி உடன்குடிக்காரர். கருப்பட்டி வியாபாரத்தில் சம்பாதித்துக் கப்பலுக்கு வந்தவர். கருப்பட்டியில் ஒரு பிடி மண் கலக்காமலே பணக்காரர் ஆனவர் என்று ஊரில் ஆச்சரியமாகச் சொல்லுவார்கள். கோபம் வந்தால் வார்த்தைக்கு வேலி கிடையாது, ஆனால் பொய் சொல்ல மாட்டார். அவருடைய அறையில் முருகன் படமும் அணையாத விளக்கும் உண்டு. லட்சுமி அங்கேதான் குடியிருக்கிறாள் என்பது அவர் நம்பிக்கை. அதனால் வாசற்படிக்கு இந்தப் பக்கம் செருப்பு வரக் கூடாது. முற்றத்திலேயே கழற்றிவிட வேண்டும். சென்னையில் படித்துவிட்டு வந்த எங்கள் மானேஜர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நாள் முழுக்கச் சாக்ஸோடு நடமாடுவார். டை கட்டி, கோட்டு போட்டு, சாக்ஸோடு ஒரு மனிதர் கம்பீரமாக நடப்பதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்தச் சட்டத்துக்கு ஒரே விலக்கு கப்பல் கேப்டன்கள். அவர்கள் ஷூவோடு தடதடவென்று உள்ளே போய் உட்காருவார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே இளநீர் கொடுப்பார். ஒருநாள் சூசை பொறுக்காமல் கேட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, அவரு மட்டும் போட்டுக்கிட்டு வாராரே?"

"அவன் கப்பல் கொண்டுட்டு வாரான். நீ என்னலே கொண்டுட்டு வார? பேப்பரு. போயி கழத்திட்டு வா."

ஒருநாளைக்கு எத்தனை முறை அந்தப் படி ஏறி இறங்குவோம் என்று எண்ணியதில்லை. ஓடுகிற ஓட்டத்தில் குனிய நேரம் இருக்காது. காலை ஒரு உதறு உதறினால் கழன்று விழ வேண்டும், நுழைத்தால் ஏற வேண்டும். செருப்பைத் தவிர வேறு எது அதற்குத் தோது?

இப்படி இருக்கையில் பம்பாயிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்களுக்கு அதிகமாகக் கப்பல் அனுப்பிய கம்பெனியின் மேற்பார்வையாளர், பழைய கப்பல் கேப்டன். வாயிலருகே சூசை கைக்குட்டையும் செருப்புமாக வண்டியில் சீறிப்பாய்வதைப் பார்த்துவிட்டு, "அடுத்த முறை நான் வரும்போது உங்கள் ஆட்கள் ஹெல்மெட், கையுறை, பூட்ஸோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் போய்விட்டார். அந்தக் கம்பெனி போனால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. முதலாளி அன்றே கமிட்டி போட்டார். மானேஜர் தலைவர், நானும் சூசையும் உறுப்பினர்கள், முதலாளி உறுப்பினர் அல்லாத சர்வாதிகாரி.

ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பித்தோம். துறைமுகக் கட்டுமானத்தில் மஞ்சள் நிறத் தொப்பி போடுவார்களே, அதில் இரண்டை மானேஜர் பேசி வாங்கி வந்தார். அதற்குத் தாடையில் கட்ட வார் கிடையாது. முதல் நாளே உப்பளக் காற்று என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு அதை ஓர் உப்பளத்து அக்கா கையில் பார்த்தேன். குடத்திலிருந்து அதில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார். "நல்லா குளுகுளுன்னு இருக்கு தம்பி" என்றார். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. அடுத்து சென்னையிலிருந்து நிஜமான ஹெல்மெட் ஒன்று வந்தது. விலை அதிகம் என்பதால் முதலாளி அதைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "வெயில்ல கொண்டுபோனா நெறம் போயிரும்லே." கையுறைக்கு, ஐஸ் மீன் அள்ளுகிறவர்கள் போடும் ரப்பர் உறை வாங்கினோம். கொஞ்ச தூரம் போனதும் உள்ளே வியர்வை நிறைந்து கை ஊறிவிடும். கப்பலில் ஏறி அதைக் கழற்றும்போது பொலபொலவென்று தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து ஒரு கேப்டன் இரண்டடி பின்னால் தள்ளிப் போனார்.

பூட்ஸ் விஷயத்தில் முதலாளி தெளிவாக இருந்தார். "ஒரு இழுப்புல கழலணும். வாசல்ல நின்னு ஒருத்தன் கயித்தை அவுத்துக்கிட்டுக் கெடந்தான்னா அங்கன கப்பல் நிக்கும்."

அதை எதிர்த்து நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சூசை ஒரு படி மேலே போய் ஆதரித்தே பேசினான். அவன் அப்பா முத்துக் குளித்தவர், அது நின்றபிறகு சங்கு குளித்தவர். கடலில் இறங்கும்போது ஒரு கனத்த கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் அடிக்குப் போவார்கள். தரை தட்டியதும் காலை உருவிவிட வேண்டும், கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள்.

"எங்கப்பா சொல்லுவாரு சார், காலுல கெடக்கது எதுவா இருந்தாலும் நெனச்ச நேரத்துல கழலணும். கழலலன்னா ஆளு மேல வர மாட்டான். அண்ணாச்சி சொல்லுததுதான் சரி" என்றான்.

தலைமுறை தலைமுறையாகக் கடலில் உயிர் காத்த ஞானம் அது. அதைத் தார் ரோட்டில் பொருத்திப் பார்க்க முடியுமா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. சாமியும் சொல்கிறார், கடலும் சொல்கிறது, முதலாளியும் சொல்கிறார். மூன்றும் ஒரே பக்கம் நிற்கும்போது எதிர்ப்பக்கம் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பழைய துறைமுகத்துப் பக்கம் கப்பல்காரர்களுக்குப் பூட்ஸ் தைக்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் சொன்னதைச் சொன்னபடி தைப்பவர். ஆட்டுக்குப் பூட்ஸ் வேண்டும் என்றாலும் நாலு காலுக்கும் அளவெடுத்திருப்பார். கயிறு கிடையாது, கொக்கி கிடையாது, அளவு சற்றுத் தாராளம், உள்பக்கம் வழவழப்பான தோல். தடித்த அடிப்பாகம், விரல் இருக்கும் இடத்தில் கெட்டித் தோல் இரண்டு மடிப்பு. பார்ப்பதற்கு ராணுவம் தோற்றுப்போகும்.

பூட்ஸைச் சோதித்துப் பார்க்க முற்றத்தில் விழா ஏற்பாடானது. மானேஜர் நாற்காலி போட்டுச் சாக்ஸோடு உட்கார்ந்தார். கையில் கடிகாரம். நானும் சூசையும் பூட்ஸ் போட்டு வாயிலிலிருந்து ஓடி வந்து, வாசற்படியில் காலை உதற வேண்டும். உதறினோம். முதல் உதறலிலேயே சூசையின் பூட்ஸ் கழன்றது. என்னுடையது அதற்கும் முந்தியது. "செருப்பை விட வேகம்!" என்று மானேஜர் எழுந்து நின்று சொன்னார். கைதட்டினார்கள். முதலாளி எல்லோருக்கும் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். ஆக, ஒரு பூட்ஸ் எவ்வளவு வேகமாகக் கழல்கிறது என்று சோதித்து, அது தேறியதற்கு வடை தின்ற ஒரே கம்பெனி இந்த உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். அது காலில் நிற்குமா என்ற கேள்வி அன்று எந்த வாயிலும் வரவில்லை. வாய்களில் வடை இருந்தது.

வண்டி ஓட்டத் தொடங்கியதும் புரிந்துவிட்டது. குதிகால் உள்ளே ஏறி இறங்கியது. கிக்கரை உதைக்கும்போது பூட்ஸ் காலோடு வராமல் தன் பாட்டுக்குப் போகப் பார்த்தது. இதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். உள்ளே ஐந்து விரலையும் மடக்கிப் பூட்ஸின் அடித்தோலைக் கவ்விக்கொள்வது. கிளி கிளையைப் பிடிக்கிற மாதிரி. சாயங்காலம் கெண்டைக்கால் கல்லாகிவிடும். முதலாளி ஆசையாகத் தைத்துக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாதே என்று நான் சூசையிடம்கூடச் சொல்லவில்லை. அவனும் என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டோம். சிரித்ததோடு விட்டோம். இளைய நண்பர்களே, வேலைக் களத்தில் ஒரு கருவியின் குறையை உங்கள் உடம்பு ஈடுகட்டத் தொடங்கினால், அந்த நாளே வாயைத் திறந்துவிடுங்கள். உடம்பு பழகிக்கொள்ளும். ஒருநாள் மறந்தும் போகும்.

சூசைக்கு அந்த ஒருநாள் ஒரு மத்தியானம் வந்தது. கப்பல் கிளம்பத் தயாராக நிற்கிறது, கடைசிக் காகிதம் சூசையின் பையில். அவன் முன்னால் போகிறான், நான் பின்னால் வேறொரு கப்பலின் வேலையாகப் போகிறேன். எதிரே உப்பு லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. அவன் ஓரம் ஒதுங்கினான். ஓரத்தில் கசிவு, அதன்மேல் வழுக்கும் சேறு. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. எவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான், வலது காலைக் கீழே ஊன்றினான். பூட்ஸ் சேற்றில் ஊன்றி நின்றது. கால் வண்டியோடு போயிற்று.

நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஜல்லியில் இழுபட்ட வெறுங்கால் வண்டிக்கு அடியில், கொதிக்கிற சைலன்ஸரோடு ஒட்டிக் கிடந்தது. வண்டியைத் தூக்கினேன். நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. பூட்ஸ் மட்டும் பின்னால் தள்ளி, யாரோ வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனது போல, நேராக நின்றுகொண்டிருந்தது.

சூசை கண் திறந்து முதலில் சொன்னது, "மக்கா, பேப்பரு. கப்பல் நிக்கி."

"நிக்கட்டும்லே."

"அண்ணாச்சி ஏசுவாரு."

"ஏசட்டும்."

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. லாரிக்காரரிடம் அவனை ஒப்படைத்துவிட்டுக் காகிதத்தோடு ஓடலாம். கம்பெனியில் என்னை மெச்சியிருப்பார்கள். அதைச் செய்யாமல், காகிதப் பையை என் தோளில் மாட்டிக்கொண்டு, சூசையை லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏற்றி, அவன் காலை என் மடியில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கப்பல் அன்று சாயங்காலம் வரை நின்றது. பிறகு கிளம்பியது. கப்பல்கள் அப்படித்தான், எப்படியும் கிளம்பிவிடும். நீங்கள் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் மானேஜர். முதல் கேள்வி, "பேப்பர் எங்கே?" கொடுத்தேன். இரண்டாவது கேள்வி, "பூட்ஸ் போட்டிருந்தான் இல்லையா?" லாரிக்காரர் எடுத்துக் கொண்டுவந்து போட்டிருந்த அந்தப் பூட்ஸைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "பரவாயில்லையே, ஒரு கீறல்கூட இல்லை. நல்ல பூட்ஸ்" என்றார்.

சூசையின் பெண்சாதி புஷ்பம் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்காது. அழுதுகொண்டிருந்தவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே, பூட்சு வாங்கிக் குடுத்திருக்காவ, இனி காலுக்கு ஒண்ணும் வராதுன்னு எங்கிட்டச் சொன்னாரே. அந்தப் பூட்சை யாரு போட்டிருந்தா?"

மானேஜர் பூட்ஸை மெல்லக் கீழே வைத்தார். பெருவிரலும் பக்கத்து விரல்களும் போய்விட்டன, பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்று நாள் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அது தெரிவதற்குள் பம்பாய்க்காரரின் அடுத்த வருகை வந்துவிட்டது. மானேஜர் அந்தப் பூட்ஸைக் கழுவி, பாலீஷ் போட்டு, முற்றத்தில் ஒரு மேஜைமேல் வைத்தார். கண்ணாடி பீரோவிலிருந்து ஹெல்மெட் வெளியே வந்து பக்கத்தில் அமர்ந்தது. என்னைத் தனியே கூப்பிட்டார். "சூசை சொந்த விஷயமாக லீவில் இருக்கிறான். புரிகிறதா? இந்தக் கம்பெனி போனால் அவன் ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்ப்பது? அவனுக்காகத்தான் சொல்கிறேன்." நம் வாயை அடைக்க நினைக்கிறவர்கள் எப்போதும் நம்முடைய நன்மைக்காகவே அடைக்கிறார்கள் என்பதை அன்று கற்றேன். அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. அதுதான் கஷ்டம்.

பம்பாய்க்காரர் வந்தார். பூட்ஸை எடுத்துப் பார்த்தார். விரல் பக்கத்துக் கெட்டித் தோலைத் தட்டினார், அடிப்பாகத்தை வளைத்தார். மிகவும் திருப்தி. இதே மாதிரியை எங்கள் கப்பல் போகிற எல்லாத் துறைமுகத்து ஆட்களுக்கும் தைக்கச் சொல்லப் போகிறேன் என்றார். மானேஜர் அதைத் தமிழில் சொன்னதும் முதலாளி முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போயிற்று. அன்று காலையில்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்.

"ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்" என்றார் பம்பாய்க்காரர்.

மேஜைமேல் இருந்த பூட்ஸைத்தான் போட்டேன். சூசையின் பூட்ஸ். வண்டி முற்றத்தில், முதலாளியின் அறைக்கு முன்னால் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் சூசையின் மருந்து போய்விடும். மூடிக்கொண்டால் எந்தெந்த ஊரிலோ எனக்குத் தெரியாத பையன்களெல்லாம் விரலை மடக்கிக்கொண்டு ஓட்டப் போகிறார்கள். யோசிக்க எவ்வளவு நேரம் கிடைத்தது? சாவியைத் திருப்புகிற நேரம்.

வேண்டுமென்றே செய்தாயா என்று பிறகு பல பேர் கேட்டார்கள். நான் எப்போதும் போலத்தான் கிக்கரை உதைத்தேன். ஒன்றே ஒன்று, அன்று விரலை மடக்கவில்லை.

கிக்கர் திருப்பி அடித்தது. பூட்ஸ் காலை விட்டுக் கிளம்பியது. மானேஜரின் தலைக்கு மேலே போய், வாசற்படியைத் தாண்டி, முதலாளியின் அறைக்குள் விழுந்து, வழவழத்த தரையில் சறுக்கிக்கொண்டு போய், முருகன் படத்துக்கு நேர் கீழே நின்றது. விளக்கு ஆடி, அணையாமல் நிமிர்ந்தது.

செருப்பு நுழையாத அந்த அறைக்குள் பூட்ஸ், அதுவும் சாமி காலடியில். என் வேலை போயிற்று என்று அந்த நொடியில் முடிவு கட்டிவிட்டேன். பம்பாய்க்காரர் என் வெறுங்காலைப் பார்த்தார், அறைக்குள் கிடந்ததைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "லீவில் இருக்கிற பையனும் இதைத்தான் போட்டிருந்தானா?" என்று கேட்டார்.

மானேஜர் தொண்டையைக் கனைத்து ஏதோ ஆரம்பித்தார். முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் கேள்வி என்ன என்று அவருக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"வே மானேஜரே, நீரு சும்மா இரும்." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுலே. அவன் லீவுல இல்ல, ஆஸ்பத்திரில கெடக்கான்னு சொல்லு. இந்தப் பூட்சை இப்படித் தைக்கச் சொன்னது நான்தான்னு சொல்லு. இந்த வாசலுக்காகச் சொன்னேன்னு சொல்லு. ஒண்ணையும் விடாத."

கப்பல் ஏறிப் பழகிய ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பம்பாய்க்காரர் கடைசிவரை கேட்டார். பொய் சொல்லியிருந்தால் இன்றே வேறு ஏஜென்ட் பார்த்துக்கொண்டு போயிருப்பேன் என்றார். கணுக்காலுக்கு மேலே ஏறி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுகிற பூட்ஸ் தைக்கச் சொன்னார். அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். மானேஜர் சாக்ஸோடு அவர் பின்னால் ஓடி, பாதி வழியில் ஷூவுக்காகத் திரும்பி வந்தார்.

நான் உள்ளே போய்ப் பூட்ஸை எடுத்தேன். கையில் தூக்கிக்கொண்டு வெளியே வரப் பார்த்தேன்.

"எங்கலே போற?"

"வெளிய போயி மாட்டிக்கிடுதேன் அண்ணாச்சி."

"இங்கனயே உக்காந்து மாட்டு. இம்புட்டு தூரம் அதுவே உள்ள வந்துட்டுல்லா."

முருகனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து மாட்டினேன். முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கயிறு வைத்த பூட்ஸ் வந்தது. நாங்கள் அதோடு அந்தப் படியேறி உள்ளே போனோம். லட்சுமி கோபித்துக்கொண்டு போனதாகத் தெரியவில்லை, அந்த வருஷம் கப்பல் அதிகமாகத்தான் வந்தது.

பூட்ஸ் வாங்கப் போகும்போது கடைக்காரர் உங்களிடம் தோலைப் பற்றிச் சொல்வார், அடிப்பாகத்தைப் பற்றிச் சொல்வார். எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவனை விட்டுக் குதிகாலைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். வந்துவிட்டால் விலை எவ்வளவானாலும் அது செருப்புதான். ஹெல்மெட்டின் வாரும் அப்படியே. அட்டைப்பெட்டிக்குள் இருப்பது அட்டைப்பெட்டிக்குத்தான் பாதுகாப்பு.

பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், முன்பாதியைத் தவிர. ஆறேழு மாதம் கழித்துச் சூசை ஆபீசுக்கு வந்தான். ஒரு கையில் கம்பு, இன்னொரு கையைப் புஷ்பம் பிடித்திருந்தாள். வலது காலுக்கென்று தனியாகச் செய்த கட்டையான பூட்ஸ், முழங்கால் வரை கயிறு. முதலாளியின் வாசற்படிக்கு வந்ததும் நின்றான். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

உள்ளேயிருந்து முதலாளி பார்த்துவிட்டார். நாற்காலி பின்னால் விழ எழுந்து வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஏலே கழத்தாத! கழத்தாதலே!"

"பழக்கம் அண்ணாச்சி" என்றான் சூசை. குனிந்தபடியே சிரித்தான். "கழத்துனாலும் அதுக்குள்ள பாதிதான் இருக்கு."

முதலாளி படியிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, அவிழ்ந்த கயிற்றை எடுத்து அவரே கட்டினார். கட்டத் தெரியவில்லை. அவர் வாழ்நாளில் பூட்ஸ் போட்டதே இல்லை. மூன்று முறை அவிழ்ந்தது, நாலாவது முறை நின்றது. சூசைக்கு ஆபீசுக்குள்ளேயே நாற்காலி போட்டார்கள். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, காகிதத்தோடு நாங்கள் யார் உள்ளே போனாலும் முதலாளி முதலில் காலைப் பார்ப்பார். அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்.